ஓய்வூதியர் மறைந்தபின்

யாழ்ப்பாணத்தில் இளைப்பாறிய அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் காலமானால், 31ஆம் நாள் அந்தியேட்டி முடியட்டும் என்று பத்திரங்களை ஒதுக்கிவைக்கும் இல்லங்கள் பல. அதற்கிடையில் மறுமாத ஓய்வூதியம் வங்கிக்கு வந்துவிடும். மரணச் செலவுக்கென மகன் அதனை எடுத்துவிடுவான். அப்பணம் அரசாங்கத்துக்குத் திருப்பிச் செலுத்தவேண்டிய கடனாகும். ஓய்வூதியம் அதனைப் பெற்றவரின் ஆயுளோடு முடிவடைந்துவிடுகின்றது.

விதவையின் உரிமையோ வேறு. 1898ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தால் நிறுவப்பெற்ற நிதிக்குக் கணவர் தம் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் செலுத்திவந்த பணத்தின் பயன் அது. மனைவி உத்தியோகம் பார்த்தவராயின், கணவருக்கும் அத்தகைய உரிமையை 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் வழங்கிற்று.

ஆகவே, மரணத்தை உடனே பிரதேச செயலகத்துக்கு அறிவித்து, மரணச் சான்றிதழுடனும் விவாகச் சான்றிதழுடனும் விண்ணப்பித்தல் வேண்டும். துக்க வீட்டாருக்கு இதனை நினைவூட்டுதல் அயலவரின் கடமையாகும்.