கேட்ச் பயிற்சி: எத்தனை முறை, எத்தனை விதம்?

ஒரே பந்தைத் திரும்பத் திரும்பப் பிடித்தால் கேட்ச் பிடிக்கும் திறமை கூடுமா? அமெரிக்கக் கால்பந்தில் பாஸ் வாங்கும் ரிசீவர்களை வைத்து அடிக்கடி எழும் கேள்வி இது. அங்கே ஒரு மெஷின் மணிக்கணக்கில் பந்தைத் துப்பிக்கொண்டிருக்க, ஆட்டக்காரர் நின்ற இடத்திலேயே பிடித்துக்கொண்டிருப்பார். இங்கே அதே வேலை கிரிக்கெட் ஃபீல்டருக்கு. ஆட்டம் தொடங்குவதற்கு முன் கோச் மட்டையால் பந்தைத் தூக்கி அடிக்க, வீரர்கள் வரிசையாக வந்து பிடித்துவிட்டுப் போவார்கள். இதனால் திறமை கூடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எதைத் திரும்பச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து, ஓரிடத்தில் அந்த வளர்ச்சி அப்படியே நின்றுவிடும்.

2019 டிசம்பர் 8 அன்று திருவனந்தபுரம் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதிய டி20 ஆட்டத்தை இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். இந்தியா 170 ரன் எடுத்திருந்தது. எதிரணி துரத்தத் தொடங்கியதும், புவனேஷ்வர் குமாரின் ஒரே ஓவரில் இரண்டு கேட்ச்கள் போயின. லெண்டல் சிம்மன்ஸ் கொடுத்ததை வாஷிங்டன் சுந்தர் விட்டார். எவின் லூயிஸ் கொடுத்ததை விக்கெட் கீப்பர் ரிஷப் பந்த் பாய்ந்தும் பிடிக்க முடியவில்லை. சிம்மன்ஸ் 67 ரன்னுடன் கடைசிவரை நின்றார். மேற்கிந்தியத் தீவுகள் 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. விழிஞ்ஞம் பக்கத்துப் பையனான சஞ்சு சாம்சன் அன்று அணியில் இருந்தும் ஆடும் பதினொருவரில் இல்லை. பந்த் கேட்ச்சை விட்டதும் கூட்டம் சஞ்சுவின் பெயரைச் சொல்லிக் கத்தியது. இப்படி ஃபீல்டிங் செய்தால் எத்தனை ரன் எடுத்தாலும் போதாது என்று ஆட்டம் முடிந்ததும் கேப்டன் விராட் கோலி வருத்தப்பட்டார். அதே கோலி அதே ஆட்டத்தில் எல்லைக்கோட்டருகே ஓடி விழுந்து எதிரணி மட்டைக்காரர் ஹெட்மயரின் கேட்ச்சைப் பிடித்திருந்தார்.

சுந்தர், பந்த், கோலி மூவரும் ஒரே அணி, ஒரே ஃபீல்டிங் கோச், ஒரே மாதிரிப் பயிற்சி. பயிற்சியில் ஆயிரக்கணக்கில் பிடித்த கைகள்தாம் அவை. எண்ணிக்கை மட்டுமே போதும் என்றால் அந்த ஓவர் அப்படி முடிந்திருக்காது.

கேட்ச் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் பல வேலைகள் இருக்கின்றன. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் மட்டையின் விளிம்பில் பட்ட பந்து, 15 மீட்டர் பின்னால் நிற்கும் ஸ்லிப் ஃபீல்டரை அடைய சுமார் 0.4 வினாடிதான் ஆகும். பார்த்ததும் உடம்பு அசையத் தொடங்குவதற்கே 0.2 வினாடி போய்விடுகிறது. மிச்சமிருக்கும் நேரத்தில் கை போய்ச் சேர வேண்டும். அதுவும் பந்து உள்ளங்கையைத் தொட்ட பிறகு விரலை மூடலாம் என்று இருந்தால் பந்து தெறித்து வெளியே போயிருக்கும். தொடுவதற்குச் சற்று முன்பே விரல்கள் மூடத் தொடங்க வேண்டும். அதில் நூறில் சில பங்கு வினாடி பிசகினாலும் கேட்ச் போச்சு. இந்த நேரக்கணக்கை யோசித்துப் போட முடியாது. திரும்பத் திரும்பப் பிடித்தால்தான் அது கையில் ஏறும். வெறும் எண்ணிக்கைப் பயிற்சி நிஜமாகவே பலன் தருவது இங்கேதான்.

எல்லைக்கோட்டில் நிற்பவர் பாடு வேறு. உயரத் தூக்கிய பந்துக்கு நாலைந்து வினாடி அவகாசம் கிடைக்கும். அவருக்குக் கையைவிடக் காலும் கண்ணும்தான் முக்கியம். பந்து எங்கே விழும் என்று அவர் மனக்கணக்குப் போடுவதில்லை. செவில் சாப்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1968-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பந்தைப் பார்க்கும் பார்வை சீராக மேலேறிக்கொண்டே இருந்தால் ஃபீல்டர் சரியான இடத்தை நோக்கிப் போகிறார் என்று பொருள். ஏற்றம் விறுவிறுவென்று கூடினால் பந்து தலைக்கு மேலே போகப்போகிறது, பின்னால் ஓட வேண்டும். ஏற்றம் மந்தமானால் முன்னால் வர வேண்டும். நல்ல ஃபீல்டர்கள் இதைத் தெரியாமலேயே செய்கிறார்கள் என்பதைப் பின்னாளைய ஆய்வுகளும் பெரும்பாலும் ஒப்புக்கொண்டன. நேராகத் தன்னை நோக்கி வரும் பந்துதான் மிகக் கடினம் என்று ஃபீல்டர்கள் சொல்வதும் இதனால்தான். பக்கவாட்டில் போகும் பந்தில் கிடைக்கும் துப்பு அதில் கிடைப்பதில்லை. நின்ற இடத்திலேயே நூறு பந்து பிடிப்பவருக்கு இந்தப் பயிற்சியில் ஒரு பந்துகூடக் கிடைக்காது. ஸ்லிப்பில் கெட்டிக்காரர் எல்லைக்கோட்டில் தடுமாறுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பழக்கத்தின் விதம் ஏன் முக்கியம் என்பதைக் காட்டும் சோதனைகள் இரண்டு. 1978-இல் கெர், பூத் என்ற இருவர் சிறுவர்களைக் கொண்டு பீன்ஸ் அடைத்த சிறு பையை இலக்கில் வீசச் செய்தார்கள். 8 வயதுக் குழந்தைகளில் ஒரு குழு 3 அடி தூரத்திலிருந்தே வீசிப் பழகியது. இன்னொரு குழு 2 அடியிலும் 4 அடியிலும் மாறி மாறி வீசியது. 3 அடியில் ஒரு தடவைகூட வீசவில்லை. கடைசியில் தேர்வு 3 அடியில் நடந்தது. இரண்டாவது குழுதான் முந்தியது. இது வீசும் சோதனை, பிடிக்கும் சோதனை அல்ல என்பதை மறக்கக் கூடாது; ஆனாலும் கையும் கண்ணும் கற்கிற விதம் ஒன்றுதான்.

1994-இல் கல்லூரி பேஸ்பால் வீரர்களிடம் நடந்த சோதனை இன்னும் பொருத்தமானது. வாரத்துக்கு இரண்டு நாள் கூடுதலாக 45 பந்து அடிக்க வைத்தார்கள். ஒரு குழுவுக்கு வேகப்பந்து 15, வளைவுப்பந்து 15, மெதுப்பந்து 15 என்று வரிசையாக. இன்னொரு குழுவுக்கு அதே 45-ஐக் கலைத்துப்போட்டு. ஆறு வாரம் கழித்து, எந்தப் பந்து வருமென்று தெரியாத தேர்வில் கலைத்துப் பழகியவர்கள் 57 சதவீதம் முன்னேறியிருந்தார்கள். வரிசையாகப் பழகியவர்கள் 25 சதவீதம். கூடுதல் பயிற்சியே இல்லாதவர்கள் 6 சதவீதம். ஆக, ஒரே மாதிரிப் பயிற்சியும் வீண் அல்ல. பாதிப் பலன்தான் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதில் கோச்களை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. பயிற்சி நடக்கும்போது வரிசையாகப் பழகுகிறவர்தான் அழகாகத் தெரிவார். பத்தாவது பந்துக்குள் கை இடத்தில் போய் நிற்கும், சத்தமே இல்லாமல் பந்து உட்காரும். கலைத்துப் பழகுகிறவர் அன்று நிறையக் கேட்ச் விடுவார். மறுநாளோ அடுத்த வாரமோ பார்த்தால் நிலைமை தலைகீழாக இருக்கும். அன்றன்றைக்கு நன்றாகத் தெரிவதையே முன்னேற்றம் என்று எண்ணும் கோச் தவறான பயிற்சியைத்தான் தேர்ந்தெடுப்பார்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே பெரிய ஆட்டக்காரர்கள் இதைத் தாமாகவே கண்டுபிடித்திருந்தார்கள். டான் பிராட்மன் சிறுவயதில் பவ்ரல் ஊரில் கால்ஃப் பந்தை வேலியின் உருண்டையான குறுக்குக்கம்பத்தில் எறிந்து, திரும்பி வருவதைப் பிடித்துப் பழகினார். உருண்டைக் கம்பத்தில் எந்த இடத்தில் படுகிறதோ அதற்கேற்றபடி பந்து வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு கோணத்தில் திரும்பும். படாவிட்டால் எடுத்துவர நடக்க வேண்டும். எறிவதும் பிடிப்பதும் ஒன்றாகப் பழகியது. அமெரிக்கக் கால்பந்தில் 1,549 பாஸ் பிடித்துச் சாதனை வைத்திருக்கும் ஜெர்ரி ரைஸ், மிசிசிப்பியில் கொத்தனாரான தகப்பனாருடன் வேலை பார்த்தவர். கீழேயிருந்து சகோதரர்கள் வீசும் செங்கல்லைச் சாரத்தில் நின்று பிடிப்பதுதான் அவருடைய வேலை. கோணல்மாணலாகச் சுழன்று வரும் செங்கல் ஒரு தடவை வந்த மாதிரி இன்னொரு தடவை வராது.

தமிழ்நாட்டுத் தெரு கிரிக்கெட்டில் ஒரு தடவை தரையில் பட்டு எழும்பிய பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட் என்று ஒரு விதி உண்டு. சுவரில் பட்டு, சாக்கடை விளிம்பில் தட்டி, ஸ்கூட்டர் சீட்டில் எம்பி வரும் ரப்பர் பந்தைப் பிடித்து வளரும் பையனுக்கு எந்த மெஷினும் தராத பயிற்சி கிடைக்கிறது. அதன் அருமை அகாடமிகளுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

பயிற்சியின் விதமே முக்கியம் என்பதற்கு இந்திய கிரிக்கெட்டில் சிறந்த சாட்சி ஏக்நாத் சோல்கர். ஹெல்மெட் இல்லாத காலத்தில் மட்டைக்காரரின் காலடியில் ஷார்ட் லெக்கில் நின்றவர். 27 டெஸ்டில் 53 கேட்ச். 1971 ஓவல் டெஸ்டில் சென்னையின் வெங்கட்ராகவன் வீசிய பந்தில் இங்கிலாந்து வீரர் ஆலன் நாட் கொடுத்த கேட்ச்சை சோல்கர் முன்னால் பாய்ந்து எடுத்தது, இந்தியா இங்கிலாந்தில் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்ற ஆட்டத்தில். ஷார்ட் லெக்கில் பந்தைப் பார்த்துப் பிடிக்க நேரமே இல்லை. மட்டைக்காரரின் காலும் மட்டையும் போகும் போக்கை வைத்து முன்கூட்டியே கண்டுகொள்ள வேண்டும். சுழற்பந்து வீச்சாளர்கள் நாள் முழுக்க வீசும்போது அங்கேயே நின்று நின்று வந்த அறிவு அது. அதுவும் திரும்பத் திரும்பச் செய்ததுதான். ஆனால் செய்தது நிஜ ஆட்டத்தில், நிஜ மட்டைக்காரர்களுக்கு எதிரே.

கண்ணைப் பற்றிப் பேசும்போது பந்தைக் கடைசிவரை பார்க்க வேண்டும் என்று எல்லா கோச்சும் சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. பிரிட்டனில் வைட்டிங் குழுவினர் 1970-இல் இருட்டறையில், உள்ளே விளக்கு எரியும் பந்தை எறிந்து, குறிப்பிட்ட நேரம் மட்டுமே அது தெரியும்படி செய்து பார்த்தார்கள். அதிக நேரம் தெரிந்தால் அதிகம் பிடித்தார்கள். ஆனால் பாதை முழுவதும் தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அமெரிக்க ரிசீவர் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு பந்து கைக்கு வரும் கணத்தில் கண்ணை மூடியிருப்பது பல புகைப்படங்களில் பதிவாகியிருக்கிறது. கண் மருத்துவம் பார்த்த அவருடைய தாத்தா, சின்ன வயதிலேயே பேரனுக்குக் கண் பயிற்சிகள் கொடுத்து வந்தார். பந்தின் போக்கை ஆரம்பத்திலேயே சரியாகப் படித்துவிட்டால் கடைசித் துண்டை மூளையே நிரப்பிக்கொள்ளும்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் பொன்முடியில் இதை யாரும் பரிசோதித்துப் பார்க்கலாம். மேலே உள்ள புல்வெளியில் குடும்பங்கள் பந்து எறிந்து விளையாடும்போது திடீரென்று மூடுபனி ஏறும். எறிந்தவர் கையிலிருந்து புறப்பட்ட பந்து நடுவழியில் மறைந்து, பிடிப்பவரின் முகத்துக்கு நேரே வெளியே வரும். பழகாதவர் பயந்து கையை விலக்குவார். கொஞ்ச நேரம் ஆடினால் புறப்பாட்டை வைத்தே கை சரியான உயரத்துக்குப் போகத் தொடங்கும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையை விட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. தூக்கி அடித்த பந்து காரியவட்டத்தில் போவதைவிட இங்கே கொஞ்சம் கூடுதலாகப் போகும். கீழே மட்டும் பழகியவர் சற்று முன்னால் நின்று ஏமாறுவார். நாலு இடத்தில் பழகியவர் நாலைந்து பந்திலேயே சரிசெய்துகொள்வார்.

அதே நெடுமங்காடு வட்டத்தில்தான் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்திலிருந்து 12 வயதில் அங்கே சேர்ந்த பி.ஆர். ஸ்ரீஜேஷ், ஓட்டமும் நீளம் தாண்டுதலும் செய்துகொண்டிருந்த பையன். ஹாக்கியில் கோல்கீப்பராக நிற்கச் சொன்னது பள்ளியின் பயிற்சியாளர். டோக்கியோ, பாரீஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்ததில் பெரும்பங்கு அவருடையது. ஹாக்கி கீப்பர் பந்தைப் பிடிப்பதில்லை, தடுக்கிறார். ஆனாலும் வரும் பந்தின் போக்கைப் படித்து உடம்பைக் கொண்டுபோகும் வேலை அதேதான். பிறவியில் அவர் கீப்பர் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அதற்காகப் பயிற்சியே எல்லாம் என்றும் முடிவு கட்ட முடியாது. 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மெக்நமாரா குழுவினர், விளையாட்டில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வித்தியாசத்தில் 18 சதவீதத்தைத்தான் திட்டமிட்ட பயிற்சி விளக்குகிறது என்று கண்டார்கள். மிச்சத்தில் உடல்வாகு, தொடங்கிய வயது, அமைந்த கோச், மனநிலை எல்லாம் அடங்கும். 2025 ஜூன் மாதம் லீட்ஸ் டெஸ்டில் யஷஸ்வி ஜெய்ஸ்வால் நான்கு கேட்ச்களை விட்டார். 371 ரன் இலக்கை இங்கிலாந்து எட்டியது. அவர் பயிற்சி செய்யாதவர் அல்ல. முதல் கேட்ச்சை விட்டவுடன் அடுத்த பந்துக்குக் கை விறைத்துப்போவதைத் தடுக்கும் மெஷின் இதுவரை வரவில்லை.

களைப்பு இன்னொரு எதிரி. சோர்ந்த உடம்பு, பந்துக்குக் கீழே போகாமல் கையை மட்டும் நீட்டும், தலை ஆடும், விரல் முன்பே இறுகும். அந்த நிலையில் இன்னும் ஐம்பது பந்து பிடித்தால் அந்தப் பிழைகள்தான் பழக்கமாகும்.

பிள்ளைகளுக்குப் பந்து எறிந்து கொடுக்கும் கோச்களும் பெற்றோரும் செய்ய வேண்டியது சிக்கலானது அல்ல. புதிதாகக் கற்கும் பையனுக்கோ பெண்ணுக்கோ முதல் சில நாட்கள் ஒரே மாதிரி, மெதுவாக, உள்ளங்கைக்கே எறியுங்கள். விரல் மூடும் நேரம் பிடிபடட்டும், பயம் தெளியட்டும். அது வந்ததும் உயரத்தை மாற்றுங்கள், பக்கத்தை மாற்றுங்கள், ஓடவிடுங்கள், ரப்பர் பந்தையும் டென்னிஸ் பந்தையும் கலந்து எறியுங்கள், எப்போது எறிவீர்கள் என்று சொல்லாதீர்கள். கேட்ச் விட்டால் திட்டாதீர்கள். கை சோர்ந்தால் நிறுத்துங்கள். முன்னேறினார்களா என்பதை அன்றைய கடைசிப் பந்தில் பார்க்காமல், மறுநாள் எறியும் முதல் பந்தில் பாருங்கள்.