ஒரே கையொப்பம், ஒரே சம்பளம்: பிள்ளைகளோடு முதல் வெளிநாட்டுப் பயணம்

பள்ளி விடுமுறை முடிந்து வகுப்புக்குத் திரும்பும் பிள்ளைகளிடம் ஆசிரியர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "விடுமுறைக்கு எங்கே போனீர்கள்?" ஒரு பிள்ளை சிங்கப்பூர் என்கிறது. இன்னொன்று சென்னை என்கிறது. மூன்றாவது பிள்ளை "எங்கேயும் போகல, டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறது.

அன்று மாலை அந்தப் பிள்ளை வீட்டில் கேட்கப்போகும் கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவர்தான் இருக்கிறார். "அப்பாவிடம் கேள்" என்று தள்ளிவிட அந்தத் தாய்க்கு வழியில்லை. கணவரை இழந்தவர், மணமுறிவு பெற்றவர், கைவிடப்பட்டவர் என்று தனித்து வாழும் தாய்மார்கள் எத்தனையோ பேர் இந்தக் கேள்வியைக் கடந்து வந்திருக்கிறார்கள். மனைவியை இழந்து பிள்ளைகளை வளர்க்கும் தந்தையருக்கும் இது பொருந்தும்.

பிள்ளையின் ஆசை தவறானதன்று. பினாங்கில் இருப்பவருக்கு வெளிநாடு அப்படியொன்றும் தூரமும் இல்லை. பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் பாடாங் பெசார். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் அந்த நிலையத்திலேயே முடிந்துவிடும். அங்கிருந்து தாய்லாந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் ஹாட்ஞாய். சென்னைக்கும் 2024 டிசம்பர் 21ஆம் தேதி இண்டிகோ நிறுவனம் பாயான் லெப்பாஸிலிருந்து நேரடி விமானச் சேவையைத் தொடங்கியது. கோலாலம்பூர் போய் விமானம் மாறாமல், சுமார் நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரும் வழி அது.

அப்படியானால் தடை எது? தாயும் தந்தையும் உள்ள குடும்பத்தில் இரண்டு கையொப்பம் இருக்கிறது. பல வீடுகளில் இரண்டு சம்பளம் இருக்கிறது. பெட்டியைப் பிடிக்க ஒருவர், பிள்ளையைப் பிடிக்க ஒருவர் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். தனித்து நிற்பவருக்கு இவை மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. இந்த மூன்று குறைகளுக்கும் ஈடு தேடிவிட்டு, கடைசியாகப் பயணச் சீட்டை வாங்க வேண்டும். பலர் மலிவு விலை விளம்பரத்தைப் பார்த்துச் சீட்டை முதலில் வாங்கிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பத்திரம், பிறகு பயணச் சீட்டு

கடப்பிதழ் இல்லாமல் எந்தப் பயணமும் இல்லை. பெரியவருக்கு ஐந்தாண்டுக் கடப்பிதழின் கட்டணம் 200 வெள்ளி. 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு 100 வெள்ளி. ஒரு தாயும் இரண்டு சிறு பிள்ளைகளும் என்றால் 400 வெள்ளி முதலிலேயே செலவாகிவிடும். பிள்ளையின் கடப்பிதழுக்குப் பிறப்புப் பத்திரம், மைகிட், பெற்றோரின் அடையாள அட்டை ஆகியவற்றோடு பிள்ளையையும் அழைத்துச் செல்ல வேண்டும்.

தகப்பன் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் பிள்ளைக்குக் கடப்பிதழே கிடைக்காது என்று நம்பும் தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். அது பழைய கதை. 1961ஆம் ஆண்டு பிள்ளைகள் பாதுகாவலர் சட்டம் 1999இல் திருத்தப்பட்டபோது, முஸ்லிம் அல்லாத குடும்பங்களில் தாய்க்கும் தந்தைக்கும் சமமான உரிமை கிடைத்தது. பிள்ளைகளின் ஆவணங்களில் தாய்மாரும் கையெழுத்திடலாம் என்று 2000ஆம் ஆண்டில் அமைச்சரவையும் முடிவெடுத்தது. பெண்கள் அமைப்புகள் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற உரிமை இது.

ஆனால் மணமுறிவு வழக்கு நடந்துகொண்டிருந்தால் கவனம் தேவை. 1976ஆம் ஆண்டு திருமண, மணமுறிவுச் சட்டத்தின் 101ஆவது பிரிவின்படி, வழக்கு நிலுவையில் இருக்கும்போது ஒரு பெற்றோர் பிள்ளையை நாட்டைவிட்டு அழைத்துச் செல்லாதபடி மற்றவர் தடையுத்தரவு கேட்கலாம். வழக்கு முடிந்து பராமரிப்பு உரிமை தாயிடம் வந்துவிட்டாலும், பிள்ளையை மலேசியாவுக்கு வெளியே கொண்டுசெல்லக் கூடாது என்ற நிபந்தனை தீர்ப்பிலேயே இருக்கக்கூடும். சட்டத்தின் 89ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆகவே அலமாரியில் மடித்து வைத்த நீதிமன்ற உத்தரவை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். புரியாவிட்டால் சட்ட உதவி இலாகாவில் கேட்கலாம். 1985இல் ஜோர்ஜ்டவுனில் தொடங்கப்பட்டு இன்று டபிள்யூ.சி.சி. என்று அறியப்படும் பெண்கள் மையமும் ஆலோசனை தருகிறது. தடை இருந்தால் பயணமே இல்லை என்று பொருளல்ல. முறையாக விண்ணப்பித்தால் நிபந்தனையோடு நீதிமன்றமே அனுமதி தரலாம். அதற்கு மாதங்கள் பிடிக்கும் என்பதால்தான் பயணச் சீட்டு கடைசி.

நம்மவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மகளின் கடப்பிதழில் அவள் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர். தாயின் கடப்பிதழில் அவருடைய அப்பாவின் பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு இவர்கள் தாயும் மகளும் என்பதற்கு எந்த அடையாளமும் தெரியாது. பிறப்புப் பத்திரம் ஒன்றுதான் அந்த உறவைச் சொல்லும். கடப்பிதழோடு அதையும் எடுத்துச் செல்ல வேண்டும். கணவரை இழந்தவர் இறப்புப் பத்திரத்தின் நகலையும், மணமுறிவு பெற்றவர் நீதிமன்ற உத்தரவின் நகலையும் வைத்துக்கொள்வது நல்லது.

தந்தை உயிரோடு இருந்து பேச்சுவார்த்தையும் இருந்தால், "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பிள்ளையை அழைத்துச் செல்லச் சம்மதம்" என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையெழுத்திடச் செய்யலாம். எல்லா நாடுகளும் இதைக் கேட்பதில்லை. ஆனால் பெற்றோரில் ஒருவரே பிள்ளையைக் கடத்திச் செல்லும் வழக்குகள் உலகெங்கும் நடப்பதால், சில நாடுகள் கடுமையாகப் பார்க்கின்றன. தென்னாப்பிரிக்கா 2015இல் முழு விவரப் பிறப்புப் பத்திரமும் மற்றப் பெற்றோரின் சம்மதமும் வேண்டும் என்று விதித்து, 2019இல்தான் தளர்த்தியது.

பயணச் சீட்டு முன்பதிவில் பெயரைக் கடப்பிதழில் உள்ளபடியே எழுத வேண்டும். 'அ/பெ', 'அ/லெ' என்பதில் வரும் சாய்கோட்டைச் சில இணையப் படிவங்கள் ஏற்பதில்லை. எப்படி எழுதுவது என்று விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு, குடும்பத்தில் அனைவருக்கும் ஒரே முறையில் எழுதுவது நல்லது.

நாளுக்கு ஐந்து வெள்ளி

அடுத்தது சம்பளம். கணக்குப் போடும்போது வரும் என்று எதிர்பார்க்கும் பணத்தைச் சேர்க்கக் கூடாது. ஜீவனாம்சம் மூன்று மாதம் வந்து நான்காம் மாதம் நின்றுபோவது பல வீடுகளில் நடப்பதுதான். கையில் வந்த பணம் மட்டுமே கணக்கு.

எடுத்துக்காட்டாக, ஒரு தாயும் 12 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளும் மூன்று பகல், இரண்டு இரவு ஹாட்ஞாய் சென்று வருவதாக வைத்துக்கொள்வோம். கடப்பிதழ் 400 வெள்ளி. போக்குவரத்துக்கு 350. இரண்டு இரவு விடுதி 250. நாளுக்கு 80 வெள்ளி வீதம் சாப்பாட்டுக்கு 240. ஊர் சுற்றிப் பார்க்கவும் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கவும் 200. பயணக் காப்புறுதிக்கு 60. மொத்தம் 1,500 வெள்ளி. கடப்பிதழ் கட்டணத்தைத் தவிர மற்றவை உத்தேசக் கணக்கே. காலத்துக்கும் விடுதிக்கும் ஏற்ப மாறும்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் ஒரு வரி எழுத வேண்டும். எதிர்பாராமல் இரண்டு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 410 வெள்ளி ஆகும். அதை 420 ஆகவே வைத்துக்கொண்டால் மொத்தம் 1,920 வெள்ளி. பன்னிரண்டு மாதங்களில் சேர்த்தால் மாதம் 160. நாளுக்கு ஐந்து வெள்ளிக்குச் சற்று மேல். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் வாடகை, பள்ளிச் செலவு போக மாதம் 160 எடுத்து வைப்பது எளிதல்ல. முடியாதென்றால் இரண்டு ஆண்டு ஆகட்டும். ஹாட்ஞாய் எங்கும் ஓடிப் போகாது.

எங்கே சேர்ப்பது என்பதும் முக்கியம். அண்டை வீட்டார் சேர்ந்து பிடிக்கும் 'கூட்டு' பலருக்குப் பழக்கம். ஆனால் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. நடத்துபவர் காணாமல் போனால் போட்ட பணமும் போனதுதான். தனி வங்கிக் கணக்கு ஒன்றே பாதுகாப்பானது.

ஊழியர் சேமநிதியில் 2024 மே 11 முதல் 'அக்கவுன் ஃபிளெக்சிபல்' என்ற கணக்கு வந்திருக்கிறது. புதிய சந்தாவில் 10 விழுக்காடு அதில் சேரும்; 50 வெள்ளி முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுப்பது எளிது என்பதாலேயே கை அங்கே போகிறது. ஒரே சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு வேலை போனால் முதலில் உதவக்கூடிய பணம் அது. அதை விடுமுறைக்குத் தொடாமல் இருப்பதே நல்லது. கடன் அட்டையில் போய்வரலாம் என்றால் அதற்கு ஆண்டு வட்டி 18 விழுக்காடு வரை. ஆலோங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏற்கெனவே கடனில் இருப்பவர், பயணத்தை நினைப்பதற்கு முன் ஏ.கே.பி.கே.யை நாடலாம். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த இந்த நிறுவனம் கடன் ஆலோசனையை இலவசமாகத் தருகிறது.

மலிவான மாதமா, மழை மாதமா?

கூடுதல் இரண்டு நாள் பணம் எதற்கு? 2025 நவம்பர் இறுதியில் ஹாட்ஞாயில் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். பெருவெள்ளத்தில் நகரமே மூழ்க, ஆயிரக்கணக்கான மலேசியர்கள் விடுதிகளில் சிக்கிக்கொண்டார்கள். கைக்குழந்தையோடு மாடியில் காத்திருந்த குடும்பங்களும் உண்டு. அந்த நகரம் 2000இலும் 2010இலும் இதே நவம்பரில் வெள்ளத்தைக் கண்டது. சென்னையில் 2015 டிசம்பர் தொடக்கத்தில் விமான நிலையமே சில நாட்கள் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மீண்டும் ஓடுபாதையை முடக்கியது.

காரணம் ஒன்றுதான். வடகிழக்குப் பருவமழை தென் தாய்லாந்தையும் தமிழகக் கரையையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தாக்குகிறது. ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையோ அதே மழையோடு வந்து சேர்கிறது. முதல் பயணத்தை ஆண்டின் நடுவில் வரும் விடுமுறைக்கு வைத்துக்கொண்டால் இந்த அபாயம் குறையும். ஆண்டு இறுதிதான் முடியும் என்றால், புறப்படுமுன் வெளியுறவு அமைச்சின் இ-கொன்சுலார் தளத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். சொங்லாவிலும் சென்னையிலும் மலேசியத் துணைத் தூதரகங்கள் இருக்கின்றன. அவற்றின் தொலைபேசி எண்களைக் கைப்பேசியில் மட்டுமன்றி ஒரு தாளிலும் எழுதி வைப்பது நல்லது.

நுழைவு விதிகளும் மாறிவருகின்றன. தாய்லாந்துக்கு விசா தேவையில்லை. ஆனால் 2025 மே முதல் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கும் அப்படியோர் அட்டை உண்டு. இரண்டும் இலவசம். இந்தியாவுக்குப் பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனி விசா வேண்டும். அரசின் அதிகாரத்துவத் தளத்தைப்போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் பல. முகவரியைச் சரிபார்க்காமல் கட்டணம் செலுத்தக் கூடாது. பணம் மாற்றுவதற்கும் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையில் நம்மவர்கள் நடத்தும் நாணய மாற்றுக் கடைகள் இருக்கின்றன. பேங்க் நெகாரா உரிமம் மாட்டியிருக்கும் கடையாகப் பார்த்து, இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு மாற்றலாம்.

இன்னொரு கை எங்கே?

விமான நிலையத்தில் சின்னவன் கழிவறைக்குப் போக வேண்டும் என்பான். பெட்டியை யார் பார்ப்பது? விடுதியில் அம்மாவுக்கே காய்ச்சல் வந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது? பணத்தால் மட்டும் தீராத கேள்விகள் இவை.

முதல் பயணத்துக்குத் துணை தேடுவதில் வெட்கமில்லை. இதே நிலையில் உள்ள இன்னொரு தாயும் அவர் பிள்ளைகளும் சேர்ந்து வந்தால், கையும் கூடும், வண்டிச் செலவும் பாதியாகும். அக்கா, அத்தை, பாட்டி யாராவது வந்தாலும் நல்லதுதான். துணை கிடைக்காவிட்டால், ஒவ்வொருவரும் தானே தூக்கக்கூடிய பையோடு புறப்பட வேண்டும். நள்ளிரவில் போய் இறங்கும் மலிவு விமானத்தைத் தவிர்க்க வேண்டும். அம்மாவின் பெயர், விடுதியின் பெயர், தொலைபேசி எண் எழுதிய அட்டை ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் இருக்க வேண்டும். எல்லாப் பத்திரங்களின் நகலும் பினாங்கில் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்க வேண்டும். தினமும் இரவு அவரை அழைத்துப் பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போனால், அழைப்பு வராத இரவில் அவர் தேடத் தொடங்குவார்.

பிள்ளைகளையும் இந்தத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். மாதம் 160 வெள்ளி போட்டதும் கணக்குப் புத்தகத்தைக் காட்டலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். ஒரு மாதம் பணம் போட முடியாமல் போனால் அதையும் மறைக்காமல் சொல்லலாம்.

இன்று இரவே தொடங்கக்கூடிய வேலை ஒன்றுதான். அலமாரியைத் திறந்து பிறப்புப் பத்திரங்களையும் நீதிமன்ற உத்தரவையும் எடுத்து ஒரே கோப்பில் போடுவது. அதற்குச் செலவில்லை. எதாவது ஒரு தாள் குறைந்தால் அதைப் பெறுவதற்கு இன்னும் ஓராண்டு கையில் இருக்கிறது. அடுத்த விடுமுறை இல்லாவிட்டாலும் அதற்கடுத்த விடுமுறைக்குப் பின், ஆசிரியரின் கேள்விக்கு அந்தப் பிள்ளையிடம் ஒரு பதில் இருக்கும். வீட்டில் கடன் இருக்காது.