திரையில் தோன்றும் 503: பணம் போயிற்றா, இல்லையா?

மாதத்தின் முதல் வாரத்திலும், வரி, கல்விக் கட்டணம், காப்பீட்டுத் தவணை ஆகியவற்றைச் செலுத்தும் கடைசி நாள்களிலும் வங்கிக் கிளைகளுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு கேள்வி தவறாமல் இடம்பெறும். “பணம் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். நெடுநேரம் சக்கரம் சுழன்றது. பிறகு ஏதோ ஓர் எண்ணுடன் பிழைச் செய்தி வந்தது. பணம் போயிற்றா, இல்லையா? மறுபடியும் அழுத்தலாமா?”

இக்கேள்விக்கான விடை பெரும்பாலும் வாடிக்கையாளரின் கைப்பேசியிலோ கணினியிலோ இருப்பதில்லை. வங்கியின் கணினி மையத்தில் அடுத்தடுத்து இயங்கும் இரு சேவையகங்களுக்கு இடையிலான இணைப்பில் அது அடங்கியிருக்கிறது. அவ்விணைப்பு எவ்வாறு இயங்குகிறது, எவ்வாறு பழுதுபடுகிறது, பழுதுபட்ட வேளையில் நம் பணத்தைக் காத்துக்கொள்வது எப்படி என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முன் கவுண்ட்டரும் பின் அறையும்

கணினி வருவதற்கு முந்தைய வங்கிக் கிளையை மூத்த வாடிக்கையாளர்கள் நினைவுகூர்வார்கள். காசோலையை முன் கவுண்ட்டரில் கொடுத்தால் பித்தளை டோக்கன் ஒன்று கிடைக்கும். காசோலை உள்ளே செல்லும். அங்கே அலுவலர் பேரேட்டைப் புரட்டி, இருப்பையும் கையொப்பத்தையும் சரிபார்த்துப் பற்று எழுதுவார். அதன் பின்னரே டோக்கன் எண் அழைக்கப்பட்டுப் பணம் வழங்கப்படும்.

இணைய வங்கிச் சேவையும் இதே அமைப்பில்தான் இயங்குகிறது. வெப் சர்வர் எனப்படும் இணையச் சேவையகமே முன் கவுண்ட்டர். நம் கோரிக்கையைப் பெறுவதும் விடையைத் திரையில் சேர்ப்பதும் அதன் பணி. அப்பாச்சி என்னும் மென்பொருள் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. பேரேட்டைப் பார்க்கும் பின் அறை அலுவலரின் இடத்தில் ஜாவா மொழியில் எழுதப்பட்ட நிரல்களை இயக்கும் செயலிச் சேவையகம் இருக்கிறது. டாம்கேட், வெப்லாஜிக், வெப்ஸ்பியர் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இருப்பைச் சரிபார்ப்பதும், கணக்குத் தரவுத்தளத்தில் பற்றும் வரவும் பதிவதும் இதன் வழியாகவே நடைபெறுகின்றன.

இவ்விரண்டுக்கும் இடையே காசோலையைக் கொண்டு செல்லும் ஊழியரைப் போல ஒரு வலையமைப்பு இணைப்பு உண்டு. அந்த இணைப்பு தடைப்பட்டால், கவுண்ட்டரும் திறந்திருக்கும், அலுவலரும் இருக்கையில் இருப்பார். வேலை மட்டும் நடவாது.

மூன்று எண்கள், மூன்று பொருள்கள்

இவ்விணைப்பில் தடை நேரும்போது முன் சேவையகம் பெரும்பாலும் 502, 503, 504 ஆகிய மூன்று எண்களுள் ஒன்றைக் காட்டுகிறது. வாடிக்கையாளரைப் பொறுத்தவரை இவற்றின் வேறுபாடு மிக முக்கியமானது.

503 என்றால் சேவை தற்போது கிடைக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் கோரிக்கை பின் அறையைச் சென்றடையவே இல்லை. 502 என்றால் பின்னாலிருந்து வந்த விடை முறையாக இல்லை, அல்லது பாதியில் அறுந்துவிட்டது. 504 என்றால் கோரிக்கை உள்ளே அனுப்பப்பட்டது. குறித்த நேரத்துக்குள் விடை திரும்பவில்லை.

கடைசியாகச் சொன்னதே கவலைக்குரியது. அப்பாச்சியின் 2.4 பதிப்பில், வேறு ஏற்பாடு செய்யாவிடில், பின் சேவையகத்தின் விடைக்காக முன் சேவையகம் 60 விநாடிகள் காத்திருக்கும். நெரிசல் மிகுந்த நாளொன்றில் பணப் பரிமாற்றத்தை முடிக்கப் பின் சேவையகத்துக்கு 70 விநாடிகள் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். அறுபதாவது விநாடியில் திரையில் 504 தோன்றுகிறது. எழுபதாவது விநாடியில் பற்று பதிவாகிறது. திரை தோல்வி என்கிறது. கணக்கோ வெற்றி என்கிறது. இந்தப் பத்து விநாடி இடைவெளியில் வாடிக்கையாளர் மீண்டும் பொத்தானை அழுத்தினால், ஒரே கட்டணம் இருமுறை செல்ல நேரிடலாம்.

எண் எதுவாயினும் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எண்ணை மறைத்து, “சற்று நேரம் கழித்து முயலவும்” என்ற செய்தியை மட்டும் காட்டும் தளங்களும் உண்டு. உறுதியான சான்று கணக்கு அறிக்கை ஒன்றே.

இணைப்பு எங்கே அறுகிறது?

தொழில்நுட்ப அலுவலர்கள் முதலில் பார்ப்பது சேவையகங்களின் பதிவேடுகளை. அங்கே காணப்படும் இரு சொற்றொடர்கள் விசாரணையின் திசையையே தீர்மானிக்கின்றன. “இணைப்பு மறுக்கப்பட்டது” என்றிருந்தால், அந்த இயந்திரம் இயங்குகிறது, ஆனால் குறித்த வாயிலில் கேட்க யாரும் இல்லை என்று பொருள். ஜாவா சேவையகம் நின்றுபோயிருக்கலாம். அல்லது வாயில் எண் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். டாம்கேட்டில் வழக்கமான வாயில் எண் 8080, ஏ.ஜே.பி. என்னும் நெறிமுறைக்கு 8009. “இணைப்பு நேரம் கடந்தது” என்றிருந்தால், அனுப்பிய செய்திக்கு எவ்வித மறுமொழியும் இல்லை என்று பொருள். பெரும்பாலும் இடையிலுள்ள பாதுகாப்புச் சுவரான ஃபயர்வால் அதைத் தடுத்திருக்கும்.

இரண்டாவது காரணம் நெரிசல். டாம்கேட் ஒரே நேரத்தில் கவனிக்கும் கோரிக்கைகளின் வழக்கமான உச்ச அளவு 200. ஒவ்வொரு கோரிக்கைக்கும் அரை விநாடி போதுமானால், விநாடிக்கு 400 பேருக்குச் சேவை செய்ய இயலும். தரவுத்தளம் மெதுவாகி ஒவ்வொன்றுக்கும் 5 விநாடிகள் ஆகுமானால், அதே சேவையகம் விநாடிக்கு 40 பேரைத்தான் கவனிக்க முடியும். அலுவலர் எண்ணிக்கை குறையவில்லை; ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளும் நேரம்தான் கூடியது. முன் கவுண்ட்டர் கூட்டத்தைத் தொடர்ந்து உள்ளே அனுப்பிக்கொண்டிருக்க, வரிசை நீண்டு, காத்திருப்போரின் கெடு ஒவ்வொன்றாக முடிகிறது. அப்போது வாடிக்கையாளர்கள் பொறுமையிழந்து பக்கத்தை மீண்டும் மீண்டும் புதுப்பிக்கும்போது, ஒருவரே பலராக வரிசையில் நிற்பது போலாகி நெரிசல் பெருகுகிறது.

மூன்றாவது காரணம் மௌனமாக அறுந்த இணைப்பு. ஒவ்வொரு முறையும் புதிதாக இணைவது நேரத்தை வீணாக்கும் என்பதால், சேவையகங்கள் பழைய இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும். நெடுநேரம் எதுவும் பரிமாறப்படாத இணைப்பை ஃபயர்வால் யாருக்கும் அறிவிக்காமல் நீக்கிவிடுவதுண்டு. முன் சேவையகமோ அது உயிருடன் இருப்பதாகவே எண்ணும். காலையில் முதலில் வரும் வாடிக்கையாளருக்குப் பிழை தோன்றுவதும், சிறிது நேரத்தில் யாரும் எதையும் தொடாமலே சேவை சரியாவதும் இதனாலேயே. கோரிக்கையை அனுப்புமுன் “இருக்கிறீர்களா?” என்று ஒரு சிறு சோதனைச் செய்தி அனுப்புவது இதற்கான தீர்வு.

நான்காவது, டோக்கன் குழப்பம். பின் அறையில் பல ஜாவா சேவையகங்கள் இருக்கும். நீங்கள் உள்நுழைந்த விவரம் அவற்றுள் ஒன்றின் நினைவில் மட்டும் இருந்து, உங்கள் அடுத்த கோரிக்கை வேறொன்றுக்குச் சென்றால், அது உங்களை அறியாது. “உங்கள் அமர்வு முடிந்துவிட்டது” என்ற செய்தி இடையில் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்தாவது காரணம் பாதுகாப்பு மேம்பாடு. 2020 பிப்ரவரியில் டாம்கேட்டின் ஏ.ஜே.பி. இணைப்பில் ‘கோஸ்ட்கேட்’ என்று பெயரிடப்பட்ட குறைபாடு வெளியிடப்பட்டது. 8009 வாயிலை வெளியாள் ஒருவர் அணுக முடிந்தால், செயலியின் உள்கோப்புகளைப் படித்துவிட வாய்ப்பிருந்தது. இதைச் சரிசெய்த 9.0.31 பதிப்பு முதல், அந்த வாயில் இயல்பாக மூடப்பட்டது. திறந்தாலும் அதே இயந்திரத்திலிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்றது. இரகசியச் சொல்லும் கட்டாயமாயிற்று. பழைய அமைப்புக் கோப்பை மாற்றாமல் புதிய பதிப்பை மட்டும் நிறுவினால், கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கொடுக்க மறந்த கதையாகும். பாதுகாப்பு மேம்பாட்டுக்கு முன் வங்கிகள் ஒத்திகை பார்ப்பதும், பராமரிப்பு நேரத்தை முன்கூட்டியே அறிவிப்பதும் இதன் பொருட்டே. நெஃப்ட் சேவை 2019 டிசம்பர் முதலும், ஆர்.டி.ஜி.எஸ். சேவை 2020 டிசம்பர் முதலும் 24 மணி நேரமும் இயங்குவதால், பராமரிப்புக்கென்று ஓய்வான நேரம் கிடைப்பது அரிதாகிவிட்டது.

சீர்செய்யும் வரிசை

பழுது நீக்குவோர் ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றுவதில்லை. முதலில் ஜாவா சேவையகம் இயங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அடுத்து, முன் சேவையகத்தைத் தவிர்த்து அதை நேரடியாக அழைத்துப் பார்க்கிறார்கள். நேரடி அழைப்புக்கு விடை வந்தால் பழுது இணைப்பில். வராவிட்டால் பழுது பின் அறையில். பின்னர் இரு பக்கப் பதிவேடுகளையும் ஒரே மணித்துளிக்கு நேர்ப்படுத்தி ஒப்பிடுகிறார்கள். இதனால்தான், நீங்கள் புகார் அளிக்கும்போது பிழை தோன்றிய நேரத்தை நாங்கள் துல்லியமாகக் கேட்கிறோம். “காலையில் ஒரு தடவை” என்பதைவிட “10 மணி 42 நிமிடம், 504” என்பது விசாரணையைப் பலமடங்கு எளிதாக்கும்.

வாடிக்கையாளர் கடைப்பிடிக்க வேண்டியவை

பிழை தோன்றியதும் பக்கத்தைப் புதுப்பிக்கவோ, மீண்டும் அழுத்தவோ வேண்டாம். ஒரு முறை இணைப்பு தவறினால், பின் சேவையகத்தை மீண்டும் அணுக அப்பாச்சி இயல்பாக 60 விநாடிகள் இடைவெளி விடும். ஆகவே உடனடி மறுமுயற்சியால் பயனும் இல்லை.

தேதி, நேரம், தொகை, பிழை எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் திரையைப் படமெடுத்து வையுங்கள். யு.பி.ஐ., ஐ.எம்.பி.எஸ். பரிவர்த்தனையாயின் 12 இலக்கக் குறிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள்.

சில நிமிடங்கள் கழித்து, குறுஞ்செய்தி, ஏ.டி.எம். சிறு அறிக்கை, கணக்கு அறிக்கை ஆகியவற்றுள் ஒன்றின் வழியாகப் பற்று பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். குறுஞ்செய்தி வராததை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டாம். அது தாமதமாகவும் வரலாம். பற்று இல்லை என்பது உறுதியான பின்னரே மீண்டும் அனுப்புங்கள்.

இத்தகைய தடை நேரங்களை மோசடிக்காரர்களும் எதிர்நோக்கியிருக்கிறார்கள். பதற்றத்தில் இணையத்தில் தேடிக் கிடைக்கும் ‘உதவி எண்ணை’ அழைக்காதீர்கள். கடவுச் சேமிப்புப் புத்தகம், பற்று அட்டையின் பின்புறம், வங்கியின் அதிகாரபூர்வ இணையதளம் ஆகியவற்றில் உள்ள எண்ணே நம்பத்தக்கது. ஓ.டி.பி.யையோ பின் எண்ணையோ வங்கி ஒருபோதும் கேட்பதில்லை. உங்கள் திரையைப் பகிரச் சொல்வதும் இல்லை. ஏமாற்றப்பட்டதாக அறிந்தால் 1930 என்ற தேசிய எண்ணுக்கும் வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள்.

பணம் திரும்பும் கெடு

2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, தோல்வியுற்ற பரிவர்த்தனைகளுக்குக் கெடு விதித்தது. யு.பி.ஐ. அல்லது ஐ.எம்.பி.எஸ். மூலம் ஒருவருக்கு அனுப்பிய பணம் பற்றாகியும் பெறுநர் கணக்கில் வரவாகாவிடில், மறுநாளுக்குள் அது திருப்பப்பட வேண்டும். யு.பி.ஐ. மூலம் வணிகருக்குச் செலுத்தியது, இணையத்தில் அட்டை வழியாகச் செலுத்தியது, ஏ.டி.எம்.மில் பணம் வராமல் பற்றானது ஆகியவற்றுக்குப் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாள்கள். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. புகாருக்குக் காத்திராமல் வங்கியே அதை வரவு வைக்க வேண்டும் என்பதும் விதி. வங்கியிடம் அளித்த புகாருக்கு 30 நாள்களுக்குள் விடை இல்லையெனில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

சேவையகங்கள் எத்துணைத் திறன் பெற்றாலும் இணைப்பு ஒரு நாளும் தவறாது என்று உறுதி கூற இயலாது. ஆகவே கடைசி நாளின் கடைசி மணி நேரத்துக்குக் கட்டணங்களைத் தள்ளிப்போடாமல், இரண்டு நாள்கள் முன்னதாகவே செலுத்திவிடுமாறு வேண்டுகிறோம். பிழைச் செய்தி தோன்றினாலும், பற்றைச் சரிபார்க்கவும் கிளையை நாடவும் அப்போது உங்களுக்கு நேரம் இருக்கும்.