லயத்து வீடும் இணைய முகவரியும்

இணையத்தில் ஒரு பெயரைப் பதிவு செய்தவர் அதன் உரிமையாளராகிவிடுவதில்லை. கட்டணம் செலுத்தும் காலம்வரை அதைப் பயன்படுத்தும் உரிமையை மட்டுமே பெறுகிறார். டொமைன் எனப்படும் இம்முகவரிப் பெயரின் இயல்பு மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்தும் வீடு நிர்வாகத்தின் உடைமையாகவே இருந்ததால், 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலின்போதும், பின்னர் பால்மரக்காடுகள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோதும், வெளியேற நேர்ந்த குடும்பங்களின் கதையை அவர்கள் அறிவர்.

அம்மாநிலத்தின் ரந்தாவ், லிங்கி, பகாவ் போன்ற வட்டாரங்களில் கோயில் திருவிழாக்களை நம்பி இயங்கும் உறுமி மேளக் குழுவொன்று தன் பாடல்களைத் தானே பதிவு செய்து வெளியிடத் தொடங்கும்போது, அதுவே ஒரு சிறு இசை வெளியீட்டு நிறுவனமாகிவிடுகிறது. இத்தகைய முயற்சிகளில் இணையத்தளத்தை அமைத்துக் கொடுக்கும் உறவுக்காரப் பையனின் பெயரிலும் மின்னஞ்சலிலும் டொமைன் பதிவாவது எளிது. அவர் வேலை தேடி வெளியூர் சென்று பழைய மின்னஞ்சலைக் கைவிட்டதும் சிக்கல் தொடங்குகிறது. டாட் காம் போன்ற முகவரிகளுக்குக் காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் நினைவூட்டல் அனுப்பினாலும், அதைத் திறந்து பார்க்க ஆளில்லை. காலாவதிக்குப் பின் பதிவு நிறுவனம் தரக்கூடிய அவகாசமும், மீட்புக்காலம் எனப்படும் 30 நாளும் கடந்தால், பெயர் மீண்டும் பொதுவுக்கு வருகிறது.

அந்த நொடிக்காகவே கணினி நிரல்களுடன் காத்திருப்போர் உண்டு. பிறர் ஈட்டிய நற்பெயரைக் காசாக்கும் நோக்குடன் பெயரைக் கைப்பற்றும் இவர்களே இணையப் பெயர் ஆக்கிரமிப்பாளர்கள். பாடலைத் தேடி வரும் ரசிகருக்குச் சூதாட்ட விளம்பரம் காட்டப்படலாம். அம்முகவரியில் முடியும் மின்னஞ்சல்களும் கைமாறுவதால், திருவிழா அழைப்பும் உரிமத்தொகைக் கணக்கும்கூட வேற்றாளிடம் போய்ச் சேரலாம்.

உலக டொமைன் முறையை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு, நீதிமன்றம் செல்லாமலே இத்தகைய பூசலைத் தீர்க்கும் பொதுக்கொள்கையை 1999இல் ஏற்றது. முறையிடுபவர், பெயர் தம் வணிகச் சின்னத்தை ஒத்திருப்பதையும், எதிர்த்தரப்புக்கு அதில் நியாயமான உரிமை இல்லாததையும், அது தீய நோக்குடன் பதிவு செய்யப்பட்டுப் பயன்படுத்தப்பட்டதையும் மெய்ப்பிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் கித்தார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் குடும்ப நிறுவனம் அவரது முழுப்பெயர் கொண்ட முகவரியை இவ்வழியில் மீட்டது. ஆனால் அதே ஆண்டில் பாடகர் ஸ்டிங் தம் பெயர் கொண்ட முகவரியைக் கோரித் தோற்றார், ஏனெனில் அப்பெயர் ஆங்கிலத்தின் சாதாரணச் சொல் என்பதோடு, எதிர்த்தரப்பும் அதைப் புனைபெயராகக் கொண்டிருந்ததாகக் கூறியது. தாளம், முரசு போன்ற பொதுச்சொற்களைப் பெயராகச் சூட்டிக்கொள்வோர் கவனிக்க வேண்டிய தீர்ப்பு இது.

மலேசியாவின் எம்ஒய் என முடியும் பெயர்களை மைநிக் நிறுவனம் நிர்வகிக்கிறது. அவற்றின் மீதான பூசல்களைக் கோலாலம்பூரிலுள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மன்ற மையம் விசாரிக்கிறது. உலகக் கொள்கை தீய நோக்குடன் பதிவு, பயன்பாடு ஆகிய இரண்டையும் கேட்க, மலேசியக் கொள்கைக்கு ஒன்றே போதும். ஆயினும் செலவு சிறு நிறுவனத்துக்குப் பெருந்தடையாகும். உலகக் கொள்கையின்படி முறையீடுகளை விசாரிக்கும் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் ஒற்றை நடுவர் விசாரணைக்கான கட்டணமே 1,500 அமெரிக்க டாலர். வென்றாலும் பெயர்தான் திரும்புமேயன்றி இழப்பீடு கிடையாது.

ஆகவே டொமைனை நிறுவனத்தின் பெயரிலேயே பதிந்து, பல ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்துவது மலிவான காப்பு. பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய இயலாதோருக்கும் வழியுண்டு. நீண்டநாள் பயன்பாட்டால் ஒரு பெயர் மக்களிடம் அடையாளம் பெற்றதைச் சான்றுகளால் காட்டினால் நடுவர்கள் அதையும் ஏற்கின்றனர். தேதியிட்ட திருவிழா நோட்டீசு, குறுவட்டின் உறை, மேடைக் கட்டண ரசீது ஆகியவை அத்தகைய சான்றுகள். லயத்தை விட்டு வெளியேறியவர்களின் கையில் இல்லாதது இதுபோன்ற தாள்தான்.