வாக்கு எண்ணிக்கைக்குப் பின் எல்லையில் என்ன மாறுகிறது?

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் இந்தியாவின் வெளியுறவுக் கொள்கையை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் இப்படிக் கேட்டுவிடுகிறார்: "இந்தக் கட்சி வந்தா சண்டை வரும், அந்தக் கட்சி வந்தா சமாதானம் ஆயிடும்னு சொல்றாங்களே, உண்மையா சார்?" கைப்பேசியில் பார்த்ததும் வீட்டில் கேட்டதும் கலந்த கேள்வி அது. "அதெல்லாம் அரசியல், பாடத்தைக் கவனி" என்று நம்மில் பலர் கடந்துவிடுகிறோம். அரசு ஊழியர்களான நமக்கு அந்தத் தயக்கம் இயல்புதான். ஆனால் கேட்டவர் இன்னும் மூன்று ஆண்டுகளில் வாக்களிக்கப் போகிறவர். அவருக்குப் பதில் தெரிய வேண்டும்.

எந்தக் கட்சியையும் ஆதரிக்காமல், எதிர்க்காமல், நடந்தவற்றைத் தேதி வரிசையில் வைத்தாலே பதில் கிடைக்கும் என்பது என் அனுபவம். அதற்கு 1996 முதல் 2005 வரையிலான காலத்தை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒன்பது ஆண்டுகளில் நான்கு மக்களவைத் தேர்தல்கள், ஓர் அணுசோதனை, ஒரு போர், ஒரு போர்நிறுத்தம், இரண்டு பேருந்துகள்.

முதலில் அடிப்படை. முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருப்பதாக அரசமைப்பின் 53ஆம் உறுப்பு சொல்கிறது. நடைமுறையில் முடிவெடுப்பது பிரதமர் தலைமையிலான அமைச்சரவையும் அதன் பாதுகாப்புக் குழுவும். அந்த அமைச்சரவை நிலைப்பதும், படைகளுக்கான பணம் ஒதுக்கப்படுவதும் மக்களவையைப் பொறுத்தவை. ஆகவே நம் விரலில் வைக்கப்படும் மைக்கும் எல்லைக்கும் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பு எவ்வளவு நேரானது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்தியா தன் முதல் அணுசோதனையை 18.05.1974 அன்று பொக்ரானில் நடத்தியது. அடுத்த சோதனைக்கு 24 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் எல்லாக் கட்சிகளின் ஆட்சியிலும் ஆய்வகப் பணி நடந்தது. 1995 இறுதியில் நரசிம்ம ராவ் அரசு சோதனைக்கு ஆயத்தமானது. அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் அதைக் கண்டுகொண்டதால் அழுத்தம் வந்து பணி நின்றது. 1996 மே மாதம் வாஜ்பாய் தலைமையில் அமைந்த அரசு 13 நாள்களில் பதவி விலகியது. எல்லாம் ஆயத்தமாக இருப்பதாக ராவ் தன்னிடம் சொல்லிச் சென்றார் என்று வாஜ்பாயே பின்னாளில் பொதுமேடையில் கூறினார். அடுத்து வந்த தேவகவுடாவின் கூட்டணி அரசு சோதனை நடத்தவில்லை. ஆனால் அணுசோதனை முழுத்தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் மறுத்துவிட்டது.

1998 தேர்தலில் பாரதிய ஜனதா கட்சி 182 இடங்களைப் பெற்றது. அணு ஆயுதத் தெரிவைச் செயல்படுத்துவோம் என்று அதன் தேர்தல் அறிக்கையிலேயே இருந்தது. மார்ச் 19இல் பதவியேற்பு, மே 11, 13 தேதிகளில் ஐந்து சோதனைகள். தேர்தல் முடிவு பாதுகாப்புக் கொள்கையை மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் காணவில்லை. அப்போதும் மாணவர்களிடம் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். எட்டு வாரத்தில் அணுகுண்டு செய்ய முடியாது. கருவி பல அரசுகளின் உழைப்பு, 'இப்போது' என்ற முடிவுதான் அந்தத் தேர்தலிலிருந்து வந்தது.

அதே மாதம் 28, 30 தேதிகளில் பாகிஸ்தானும் சோதித்தது. அமெரிக்கா உள்ளிட்ட நாடுகள் பொருளாதாரத் தடை விதித்தன. 'இந்தக் கட்சி வந்தால் சண்டை' என்ற கணக்குச் சரியானால் அடுத்தது போராக இருக்க வேண்டும். ஆனால் அதே பிரதமர் 20.02.1999 அன்று பேருந்தில் வாகா எல்லையைக் கடந்தார். மறுநாள் லாகூர்ப் பிரகடனம் கையெழுத்தானது. ஏவுகணைச் சோதனைகளை ஒருவருக்கொருவர் முன்கூட்டியே அறிவிப்பது போன்ற ஏற்பாடுகளுக்கும் அப்போது இசைவு ஏற்பட்டது. கடுமையானவர் என்று பெயர் பெற்ற தலைவர் கைகுலுக்கும்போது அவரை 'விட்டுக்கொடுத்துவிட்டார்' என்று சொந்த ஆதரவாளர்கள் எளிதில் குறைசொல்ல முடியாது. மென்மையானவர் என்று பெயர் பெற்றவருக்கு இந்த வசதி குறைவு. இஸ்ரேலில் 1977இல் ஆட்சிக்கு வந்த மெனகெம் பெகின், கடும்போக்காளர் எனப்பட்டவர், 1979இல் எகிப்துடன் அமைதி உடன்படிக்கை செய்து சினாய் நிலப்பகுதியைத் திருப்பித் தந்ததும் இவ்வகையே. அவருடைய கட்சிக்காரர்கள் சிலரே எதிர்த்தபோது எதிர்க்கட்சியின் வாக்குகள் அவருக்குக் கைகொடுத்தன.

இந்தியாவுக்குத் திரும்புவோம். நம் மாநிலக் கட்சி ஒன்று ஆதரவைத் திரும்பப் பெற்றதால் 17.04.1999 அன்று மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 269, எதிராக 270. ஒரு வாக்கில் அரசு கவிழ்ந்தது. தேசிய வாக்காளர் தின உறுதிமொழிக்குப் பின் நாம் வழக்கமாகச் சொல்லும் கதை இத்துடன் முடிந்துவிடும். அதன் அடுத்த பக்கத்தை நாம் சொல்வதில்லை.

மக்களவை கலைக்கப்பட்டது. மே முதல் வாரத்தில் கார்கில் மலைமுகடுகளில் ஊடுருவல் இருப்பது தெரியவந்தது. நாட்டை நடத்தியது காபந்து அரசு. தேர்தலோ சில மாதங்களில். இப்படிப்பட்ட அரசு வாக்குக்காக ஆவேசம் காட்டும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு விமானப்படைக்கும் விதிக்கப்பட்டது. அந்த வரம்பால் உயரமான முகடுகளைக் கீழிருந்து ஏறிப் பிடிக்க வேண்டியிருந்தது. உயிரிழப்பு கூடியது என்ற விமர்சனம் உண்டு. வீரமரணம் அடைந்தோர் 527 பேர். திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் அவர்களில் ஒருவர். மறுபுறம், அந்த அடக்கமே உலகின் ஆதரவை இந்தியாவின் பக்கம் திருப்பியது. ஓராண்டுக்கு முன் தடை விதித்த அமெரிக்கா, ஜூலை 4இல் வாஷிங்டன் சென்ற நவாஸ் ஷெரீப்பிடம் படைகளை விலக்கிக்கொள்ளச் சொன்னது. காபந்து அரசுதான் என்றாலும் படைத்தலைமையும் அதிகாரிகளும் அமைச்சரவையும் வழக்கமான முறையில் இயங்கியதால் இது முடிந்தது என்று நான் கருதுகிறேன்.

எல்லைக்கு அப்பால் நிலைமை வேறு. நவாஸ் ஷெரீப் 1997 தேர்தலில் மிகப்பெரிய பெரும்பான்மை பெற்றவர். கூட்டணியைத் தாங்கிப் பிடிக்கும் கவலை அவருக்கு இல்லை. ஆனாலும் லாகூரில் அவர் கைகுலுக்கிய நாள்களில் அவர் நாட்டுப் படையினர் கார்கில் முகடுகளை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தனர். தமக்கு முழுமையாகச் சொல்லப்படவில்லை என்றார் ஷெரீப். எல்லாம் சொல்லப்பட்டது என்றார் தளபதி முஷாரஃப். யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். தேர்தலில் வென்றவரின் சொல் படைமுகாம் வரை செல்லாத நாட்டில், வாக்குகள் எவ்வளவு குவிந்தாலும் பாதுகாப்புக் கொள்கை அவற்றின் வழியில் போவதில்லை.

1999 அக்டோபரில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. 12ஆம் தேதி முஷாரஃப் ஷெரீப்பை அகற்றி ஆட்சியைக் கைப்பற்றினார். மறுநாள் 13ஆம் தேதி, தேர்தலில் வென்ற வாஜ்பாய் புதுதில்லியில் மீண்டும் பதவியேற்றார். இந்த இரண்டு தேதிகளையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு நான் எதுவும் சொல்லாமல் நிற்பதுண்டு.

அதன்பின் 2001 ஜூலையில் ஆக்ரா பேச்சு முறிந்தது. டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதல். பல மாதங்கள் இரு படைகளும் எல்லையில் எதிரெதிரே நின்றன. 2003 நவம்பரில் கட்டுப்பாட்டுக் கோட்டில் போர்நிறுத்தம் வந்தது. 2004 ஜனவரியில் இஸ்லாமாபாத்தில் கூட்டறிக்கை. பேச்சு தொடங்கும் வேளையில் இந்தியாவில் ஆட்சி மாறியது.

மன்மோகன் சிங் அரசு முந்தைய அரசின் பேச்சுவார்த்தையைக் கைவிடவில்லை; தொடர்ந்தது. போர்நிறுத்தமும் தொடர்ந்தது. அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்று 2003இல் அறிவிக்கப்பட்ட கோட்பாடும் மாறவில்லை. 2005இல் ஸ்ரீநகருக்கும் முசாஃபராபாத்துக்கும் இடையே பேருந்து விடுவதென முடிவானது. புறப்பாட்டுக்கு முந்தைய நாள் ஸ்ரீநகரில் பயணிகள் தங்கியிருந்த வளாகத்தைத் தீவிரவாதிகள் தாக்கினர். மறுநாள், ஏப்ரல் 7, பேருந்து புறப்பட்டது.

2004 தேர்தல் முடிவு எல்லையில் எதையும் பெரிதாக மாற்றவில்லை என்பதே அதன் சிறப்பு என்று சொல்லத் தோன்றுகிறது. எதிர்த்தரப்பு நாடு நம்மோடு நீண்டகால உடன்பாடு செய்ய வேண்டுமானால், அடுத்த அரசும் அதை மதிக்கும் என்ற நம்பிக்கை வேண்டும் அல்லவா? ஆயுதத் தயாரிப்பிலும் அப்படியே. தேஜஸ் போர்விமானத் திட்டம் 1983இல் தொடங்கியது. 2001இல் முதன்முதலாகப் பறந்தது. 2016இல்தான் விமானப்படையில் சேர்ந்தது. எத்தனை பிரதமர்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவே ஒரு செயல்பாடாகிவிடும்.

வகுப்பில் நான் செய்வது எளிது. மேலே உள்ள நிகழ்வுகளைத் தேதியோடு அட்டைகளில் எழுதிக் குழுக்களுக்குக் கொடுக்கிறேன். இது தேர்தலால் நடந்ததா, தேர்தல் இல்லாமலும் நடந்திருக்குமா, எல்லைக்கு அப்பால் எடுத்த முடிவா என்று பிரிக்க வேண்டும். கட்சிச் சண்டை வருமோ என்று முதல் முறை சற்றுப் பயந்தேன். தேதிகள் கையில் இருந்ததால் பேச்சு தேதிகளைச் சுற்றியே போனது. அட்டைகளில் தலைவர்களின் படம் ஒட்ட வேண்டாம் என்பது மட்டும் என் ஆலோசனை.

சென்ற ஆண்டு ஒரு குழுவிடம், அந்த வாக்கெடுப்பு 270க்கு 269 என்று அரசுக்குச் சாதகமாக முடிந்திருந்தால் கார்கில் போர் நடந்திருக்காதா என்று கேட்டேன். ஆம், இல்லை என்று இரண்டும் வந்தன. கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருவர் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓட்டு போட்டது ஏப்ரல்ல சார். அவங்க மலை ஏறினது அதுக்கு முன்னாடியே." பிறகு அவரே கேட்டார், "அப்ப நாம தாண்டாம இருந்தோம்ல, அதை எந்த அடுக்குல சார் வைக்கணும்?" அந்த அட்டையை எங்கே வைப்பது என்பதில் குழு மணியடிக்கும் வரை உடன்படவில்லை.