வளவும் கிணறும்

யாழ்ப்பாணத்துக் கிராம வீடொன்றிலே காலைப்பொழுதில் எழும் முதற் கேள்வி, "இன்றைக்கு என்ன கறி?" என்பதாகும். முற்காலத்து இல்லத்தரசி இக்கேள்விக்கு விடை தேடிச் சந்தைக்குச் செல்வதில்லை. அடுப்படிக் கதவைத் திறந்துகொண்டு வளவுக்குள் இறங்குவாள். முருங்கையில் நாலு காய், வேலியோரத்தில் ஒரு பிடி கீரை, பந்தலில் ஒரு புடலங்காய், கிணற்றடியில் ஒரு வாழைப்பூ என்று கைக்கு எட்டியது எதுவோ அதுவே அன்றைய கறியாகும். மழைக்காலத்துக் கறி வேறு. கோடைக்காலத்துக் கறி வேறு. அவ்வீட்டுப் பிள்ளைகள் நாட்காட்டியைப் பாராமலே, சோற்றுக் கோப்பையைப் பார்த்து மாதத்தைச் சொல்லிவிடுவர்.

வீட்டுத் தோட்டத்தின் பயன் கறிச்செலவு குறைவது மாத்திரமே என்று எண்ணுவோர் பலர். அது மெய்யே; ஆயினும் முழு மெய் அன்று. ஆறில்லாத ஒரு நிலத்திலே, பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரு குடும்பம் தண்ணீரோடு எவ்வாறு கணக்கு வைத்து வாழவேண்டும் என்பதை வளவே கற்றுக்கொடுத்தது. அந்தக் கணக்கு மறந்துபோனால் கெடுவது கறி மட்டுமன்று, குடிநீருமேயாகும்.

இதனை விளங்கிக்கொள்ள, முதலில் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு எனப்படுவதும் மாரியில் ஓடிக் கோடையில் வற்றிவிடும். செம்பாட்டு மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். அக்கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் நிரம்பியுள்ளன. பெய்யும் மழை அவற்றின் வழியே இறங்கிக் கீழே தங்குகிறது. அதற்கும் அடியில் இருப்பதோ கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீர். நன்னீர் பாரங்குறைந்தது; ஆதலால் உவர்நீரின்மேல் எண்ணெய் போல மிதந்து நிற்கிறது. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றிலே மேலேயுள்ள நீர் நன்னீராகவும் ஆழத்திலுள்ள நீர் உவராகவும் இருப்பது இதற்குச் சான்றாகும்.

நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீரை ஆராய்வோர் கூறும் பொதுக் கணக்கு. இதன் மறுபக்கமே அச்சந் தருவது. மேலே ஓரடி நீரை இறைத்துக் குறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழேயுள்ள உவர்நீர் ஏறத்தாழ நாற்பது அடி மேலெழும். கிணறு வற்றினால் அடுத்த மாரியில் ஊறும். உவராகிய கிணறு இனிதாவதற்கோ பல மாரிகள் காத்திருக்க வேண்டும்.

குடாநாட்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலே பெய்துவிடுகிறது. இம்மூன்று மாத வரவைக் கொண்டே ஏனைய மாதங்களின் செலவை நடத்த வேண்டும். பழைய குடும்பங்கள் வளவில் செய்த வேலைகள் யாவும் இந்த வரவு செலவுக்கு ஏற்ப அமைந்தனவே.

செம்பாட்டுக் கிராமமொன்றிலே ஆச்சியும், மகளும் மருமகனும், இரு பேரப்பிள்ளைகளும் வாழும் வீடொன்றை எண்ணிப் பார்க்கலாம். புரட்டாசி பிறந்ததும் அவ்வீட்டில் விதைப்பெட்டி திறக்கப்படும். முற்றவிட்ட கத்தரியின் விதை, கொடியிலேயே காயவிட்ட பயிற்றை விதை, சாம்பல் பூசி உலர்த்திய பூசணி விதை ஆகியவை வெளியே வரும். ஆச்சி அவற்றைச் சுளகில் இட்டுப் புடைத்துப் பதர் நீக்குவார். மருமகன் வளவைக் கொத்தி வரம்பு கட்டுவார். வரம்பு கட்டுவது பாத்திக்காக மட்டுமன்று. வளவில் விழும் மழை வீதிக்கு ஓடாமல் வளவுக்குள்ளேயே இறங்குவதற்காகவுமாம்.

ஐப்பசியில் மழை விழுந்தவுடன் வேலிக்குக் கதியால் நடுவர். கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகள் அந்த ஈரத்தில் வேர்விட்டுவிடும். இவ்வேலி எல்லை காப்பதோடு நில்லாது ஆட்டுக்குக் குழையும் மண்ணுக்குப் பசளையும் தருவது. கார்த்திகையில் மழை ஓயாது பெய்யும்போது நாற்றுமேடைக்கு மேலே கிடுகுப் பந்தல் இடப்படும். வல்லாரையும் பொன்னாங்காணியும் கிணற்றடியில் படரும். சந்தையில் மரக்கறி விலை ஏறும் அந்நாட்களிலே, இலைக்கறிகளே வீட்டைத் தாங்கும்.

தை பிறந்ததும் வானம் வெளிக்கிறது, வாடைக்காற்று வீசுகிறது, பனி இறங்குகிறது. வளவுக்கு இதுவே பொற்காலம். கத்தரியும் தக்காளியும் வெண்டையும் அதிகம் நீர் கேளாமலே காய்க்கும். முந்திய சித்திரையில் நட்ட இராசவள்ளியைக் கிண்டி எடுத்துக் கூழ் காய்ச்சுவர். பாத்தியிற் புதைத்த பனம்விதைகள் கிழங்காகி வெளிவரும். அவித்தது அன்றைக்கு, காயவைத்து ஒடியலாக்கியது வரப்போகும் பஞ்ச மாதங்களுக்கு.

பங்குனியோடு செலவுக் காலம் தொடங்குகிறது. வெயில் ஏற ஏறக் கிணற்றின் படிகள் ஒவ்வொன்றாக வெளியே தெரியும். இப்பொழுது வளவில் எல்லாவற்றுக்கும் நீர் வார்ப்பதில்லை. எதனைக் காப்பது, எதனை விடுவது என்று தீர்மானிக்க வேண்டும். கத்தரியின் கடைசிக் காய்களை விதைக்கு விட்டுச் செடிக்கு நீரை நிறுத்துவர். தென்னம்பிள்ளை, எலுமிச்சை, மாதுளை ஆகியவற்றின் அடியில் சருகும் பொச்சும் பரப்பி மூடுவர். குளித்த நீரும் பாத்திரங் கழுவிய நீரும் கிணற்றடி வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் செல்லும். ஒரே வாளி நீர் ஒரு முறை மனிதருக்கும் மறு முறை மரத்துக்கும் பயன்படுகிறது. வேப்பம்பூவைப் பொறுக்கி வடகம் போடுவதும் இம்மாதங்களிலேதான்.

இத்தகைய வீட்டில் பேரன் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு. "ஆச்சி, மோட்டரைப் போட்டால் அஞ்சு நிமிஷத்திலை எல்லாத்துக்கும் பாயுமே?" ஆச்சியின் மறுமொழி சுருக்கமானது. "பாயுமடா ராசா. இப்ப பாய்ச்சிப்போட்டு, ஆவணியிலை குடிக்கத் தண்ணிக்கு எங்கை போறது?" நிலநீர் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதனை அம்மறுமொழி ஒரு வரியில் அடக்கிவிடுகிறது.

ஆனி, ஆடி மாதங்களில் சோளகக் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆயினும் அம்மாதங்களில் வீடு வறுமையுறுவதில்லை. ஆழ வேரோடிய மரங்கள் கைகொடுக்கின்றன. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுக்கிறது, முருங்கை காய்க்கிறது, பலா மணக்கிறது. ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும் உண்டு. ஆவணியில் பனம்பழம் விழ, பணியாரமும் பினாட்டும் உண்டாகின்றன. மாரியில் செடிகளும் கோடையில் மரங்களும் ஊட்டுவதே பழைய வளவின் ஒழுங்காகும். இவ்வாண்டு வேலியிலிருந்து கழற்றிய பழைய பனையோலையும் கதியாலிலிருந்து வெட்டிய குழையும் மண்ணுக்குள் தாழ்க்கப்பட்டு அடுத்த மாரிக்குப் பசளையாகும். வளவில் விளைந்த எதுவும் வளவுக்கு வெளியே வீணாகப் போவதில்லை.

இவ்வொழுங்கு எவ்வாறு குலைந்தது? முன்னர் தோட்டத்துக்கு நீர் இறைத்தது துலாவினாலே. ஒருவரோ இருவரோ துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து நீரை ஊற்றுவார். அது முதுகை முறிக்கும் உழைப்பு. அக்காலத்தை வெறுமனே புகழ்தல் தகாது. ஆனால் மனிதனின் களைப்பே கிணற்றுக்கு வேலியாக நின்றது என்பதும் உண்மை. 1950களிலும் 1960களிலும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகியபோது அவ்வேலி விழுந்தது. 1970களில் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட, குடாநாட்டுத் தோட்டங்கள் செழித்தன, பல குடும்பங்கள் கல்வீடு கட்டின, பிள்ளைகள் படித்தனர். அச்செழிப்பு நியாயமானதே. எனினும் அதற்காக மண்ணில் இட்ட இரசாயனப் பசளையில் ஒரு பங்கு பயிருக்குச் சேராமல், மாரியின் முதல் மழையோடு சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் இறங்கிற்று.

இதன் விளைவே கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்று. ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. செறிவாகப் பயிர் செய்யும் பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் இவ்வரையறை மீறப்பட்டமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. கிணற்றுக்கு அண்மையில் அமைந்த மலசலகூடக் குழிகளும் இதற்குக் காரணமாகும். அத்தகைய நீரிற் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால், குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கே இவ்வாபத்து மிகுதி. இங்கு தாய்மார் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே ஐயமுள்ள கிணற்று நீரைச் சோதிப்பித்து அறிதலே வழி.

வளவு கைவிடாது என்பதனை இடர்க்காலங்கள் மெய்ப்பித்தன. 1990களில் எரிபொருளும் பசளையும் வடக்குக்கு வருவது தடைப்பட்டபோது, துலாவும் கப்பியும் மீண்டும் உழைத்தன. குழையும் எருவும் மீண்டும் மதிப்புப் பெற்றன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தனர். அடுத்த ஆண்டு திரும்பியோரிற் பலர் சிதைந்த வீடுகளையே கண்டனர். ஆயினும் முருங்கையும் மாவும் பனையும் அங்கேயே நின்றன.

பின்னர் 2021 மே மாதத்தில் நாடு முழுவதற்கும் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது; விளைச்சல் வீழ்ந்தது; அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. 2022இல் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, அரசாங்க ஊழியர் வீட்டுத் தோட்டஞ் செய்யும்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை அனுமதித்தது. இவ்விரு நிகழ்ச்சிகளும் புகட்டும் பாடம் ஒன்றே. கட்டளையினால் ஒரு நாளில் வளவு உண்டாவதில்லை. மண்ணுக்கு மக்கு ஏற ஆண்டுகள் செல்லும். மரம் காய்க்க ஆண்டுகள் செல்லும். பிள்ளைக்குப் பருவம் விளங்கவும் ஆண்டுகள் செல்லும். நெருக்கடி வராத நாளிலே செய்துவைத்ததே நெருக்கடி நாளில் உதவும்.

இன்று ஒரு குடும்பம் செய்யக்கூடியது யாது? மோட்டரை எறிந்துவிட்டுத் துலா மிதிக்குமாறு எவரும் சொல்லப்போவதில்லை. வரவைப் பெருக்கிச் செலவைச் சுருக்கினாற் போதும். ஆயிரம் சதுர அடிக் கூரையொன்றின்மீது ஓர் அங்குல மழை பெய்தால், விழும் நீர் ஏறத்தாழ 2,300 லீற்றர். பீலி வைத்து அதனைத் தொட்டியில் ஏந்தலாம். மிஞ்சியதை, மலசலகூடக் குழிக்குத் தொலைவிலே, கல்லும் மணலும் இட்ட குழியொன்றில் இறக்கலாம். முற்றம் முழுவதும் சீமெந்து பூசுவதைத் தவிர்க்கலாம். சீமெந்தின்மேல் விழும் மழை கிணற்றைச் சேராது வீதிக்கே ஓடும். சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் கூட்டெருவாக்கலாம். அந்தியில் மரத்தின் அடிக்கு மாத்திரம் வாளியால் வார்க்கலாம். வளவு சீதனமாகவும் பங்காகவும் துண்டுபட்டு மிகச் சிறுத்துவிட்டதே என்பார்க்கும் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு வாழை, ஒரு பாத்திக் கீரைக்கு இடமிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வேலைகளில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளையின் கையில் ஒரு சிறு வாளியைக் கொடுத்து, மாதந்தோறும் முதல் நாளில் கிணற்றில் எத்தனை படி தெரிகின்றது என்று எண்ணிச் சுவரில் கரிக்கோடு இடச் செய்யலாம். மார்கழியிற் குறைந்தும் ஆவணியில் நிறைந்தும் நிற்கும் அக்கோடுகளைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, தண்ணீரை வீணாக்காதே என்று வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை.