மரப்பசையும் குடியானவரும்

திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து 1843-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்தால் வண்ணார்பேட்டை. அவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் புது வீடு கட்டுவோர் இக்காலத்தில் தேக்கையும் வேம்பையும் அறுத்து அலமாரி செய்வதைவிட, ஒட்டுப்பலகையையும் துகட்பலகையையும் வாங்கி வேலை முடிப்பதே மிகுதி. புதிய அலமாரியின் கதவைத் திறந்தவுடன் கண் கரிப்பதையும், மூக்கில் ஒருவகை நெடி ஏறுவதையும், தொண்டை கமறுவதையும் பலரும் அறிவர். இது மரத்தின் வாசனை என்று சிலர் எண்ணுகின்றனர். மரத்தின் வாசனையன்று, பசையின் வாசனையாகும். இப்பசையின் வரலாறு குடியானவர்களுக்கு இரு வகையில் சம்பந்தமுடையது. ஒன்று, அதைச் செய்யும் சரக்கு வயலுக்கு வேண்டிய உரமாகும். மற்றொன்று, அதற்குப் பதிலாக உதவக்கூடிய சரக்குகள் பல நிலத்தில் விளைபவையாகும்.

பசையின் சேர்க்கை: சாதாரண ஒட்டுப்பலகைக்கும் துகட்பலகைக்கும் உபயோகிக்கும் பசை, யூரியாவும் பார்மால்டிஹைடும் சேர்த்துக் காய்ச்சிய பிசினாகும். யூரியா என்பது நெல்லுக்கு மேலுரமாக இடும் அதே வெண்பொருள்தான். நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உள்ளது. பார்மால்டிஹைடு ஒரு வாயு. அதைத் தண்ணீரில் கரைத்ததே பார்மலின். இப்பிசின் விலை மலிந்தது, சூட்டிலும் அழுத்தத்திலும் சில நிமிஷங்களில் இறுகிவிடும், நிறமற்றது. ஆகையால் தொழிற்சாலைகள் இதை விரும்புகின்றன. ஆயினும் இதற்கு ஒரு பெருங்குறை உண்டு. சேர்க்கையில் கலவாது எஞ்சிய வாயு முதலில் வெளிவரும். அதன் பின்னரும், காற்றின் ஈரமும் வெப்பமும் பிசினைச் சிறிது சிறிதாகச் சிதைக்க, மேலும் வாயு வந்துகொண்டேயிருக்கும். புதிதில் மிகுதியாகவும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைவாகவும் வெளிவரும் இவ்வாயு, சித்திரை வெயிலிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும், சன்னல் அடைத்த அறையில், தன் வேலையை நன்கு காட்டும்.

உடலுக்கு விளையும் தீங்கு: கண்ணெரிச்சலும் இருமலும் இதன் முதற்குறிகள். நாள்தோறும் இதைச் சுவாசிக்கும் தொழிலாளருக்கு இதனினும் பெரிய அபாயம் உண்டு. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ஆம் ஆண்டில் பார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. வீட்டினுள் ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராமுக்கு மேல் இவ்வாயு அரைமணி நேரங்கூட இருத்தலாகாது என உலக சுகாதார ஸ்தாபனம் 2010-இல் வரம்பு கூறியது. பலகை வாங்கி அறுக்கும் ஆசாரிமார், பட்டறையில் தூசியும் நெடியும் ஒன்றாகச் சுவாசிப்பதால், வீட்டுக்காரரைவிட முதலில் பாதிக்கப்படுகின்றனர் என்பதை மறத்தலாகாது.

வயலுக்குரிய யூரியா: பயிருக்கென விற்கும் யூரியாவின் விலையில் பெரும்பகுதியை அரசாங்கம் மானியமாக ஏற்கிறது. 2018 முதல் 45 கிலோ மூட்டையின் விலை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் நீங்கலாக, 242 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. தொழிலுக்கென்று தனியே விற்கும் யூரியா இதைவிடப் பன்மடங்கு விலையுள்ளது. ஆதலின் குடியானவர் பெயரால் வாங்கிய மூட்டைகள் களவாகப் பலகைத் தொழிற்சாலைகளுக்குச் செல்வது தேசத்தின் பல பாகங்களிலும் கண்டறியப்பட்ட குற்றமாகும். 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு உத்தரவு, உரத்தைப் பயிரன்றி வேறு காரியத்துக்கு உபயோகிப்பதைத் தடுக்கிறது. 2015-இல் உள்நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுவது கட்டாயமாக்கப்பட்டதற்கு, தழைச்சத்தை மெதுவாக விடச்செய்வதுடன் இக்களவைத் தடுப்பதும் ஒரு நோக்கமாயிருந்தது. பிசான நடவுக்கு மேலுரமிடும் தருணத்தில் ஒரு மூட்டை தவறினால், ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்து வயலை விட்டுப் போய்விடுகிறது. பயிர் வெளிறிய பின் வரும் மூட்டையால் முழுப் பிரயோஜனமில்லை. சில ரூபாய் லாபத்துக்காகத் தம் பெயரில் மூட்டை எடுக்கப் பிறரை அனுமதிப்பவர், அண்டை வயற்காரனின் பயிரிலிருந்தே அதை எடுத்துக் கொடுக்கிறார்.

பழைய பசைகள்: தொழிற்சாலைப் பிசின் வருமுன் நம் ஆசாரிமார் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தைச் சூடாக்கிப் பூசினர். புளியங்கொட்டைப் பசையும் வழக்கில் இருந்தது. கொட்டையை வறுத்து இடித்து மேல்தோலை நீக்கி, பருப்பை மாவாக்கிச் சலித்து, தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்து, இடைவிடாது கிளறிக் காய்ச்சினால் கெட்டியான பசை கிடைக்கும். இம்மாவை இளகிய வச்சிரத்துடன் சேர்த்துக் காய்ச்சினால் மரத்துக்கு மிக உறுதியான ஒட்டாகும். 1942-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் கோஷ், கிருஷ்ணா என்னும் இரசாயன நிபுணர்கள் இப்பருப்பில் பாகுபோலத் திரளும் பொருள் மிகுதியாயிருப்பதை விளக்கினர். பின்னர் நூல் ஆலைகளில் பாவுக்குக் கஞ்சியிட இம்மாவு பெரிதும் பயன்பட்டது.

பாலிலிருந்து எடுக்கும் கேசினும் நல்ல பசையாகும். வெண்ணெய் எடுத்த பாலைத் திரித்துக் கழுவி உலர்த்திய கேசினை இருமடங்கு தண்ணீரில் ஊறவைத்து, 100 பங்கு கேசினுக்கு 20 முதல் 30 பங்கு நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துச் சேர்க்கவேண்டும். கலவை சில மணி நேரத்துள் இறுகிவிடுமாதலால் அன்றன்று வேண்டிய அளவே கலத்தல் நலம். முதல் உலக யுத்தத்தில் ஆகாய விமானங்களின் மரப்பாகங்கள் இத்தகைய பசையாலேயே ஒட்டப்பட்டன.

இப்பசைகளில் பார்மால்டிஹைடு சிறிதும் இல்லை. ஆயினும் இவற்றின் குறையையும் கூறுதல் முறையாகும். புளியங்கொட்டைப் பசையும் வச்சிரமும் நீரில் இளகும். பூஞ்சணமும் பூச்சியும் பற்றும். கேசின் இவற்றைவிட ஈரம் தாங்குமாயினும், நெடுநாள் நனைவுக்கு நில்லாது. ஆகையால் முக்காலி, பெட்டி, படச்சட்டம் முதலிய உள்வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் இவை ஏற்றவை. அடுப்படிக்கும் வாசற்கதவுக்கும் ஏற்றவையல்ல.

சோயா மொச்சையின் மறுவரவு: அமெரிக்காவில் 1920-களில் சோயா மாவுப் பசையால் ஒட்டுப்பலகை செய்தனர். நீர் தாங்கும் செயற்கைப் பிசின்கள் வந்தபின் அது கைவிடப்பட்டது. ஆரிகன் ஸ்டேட் சர்வகலாசாலையின் கைசாங் லீ என்னும் ஆசிரியர், கடற்பாறையில் அலைக்கு அசையாமல் ஒட்டியிருக்கும் சிப்பிகளின் இயல்பை ஆராய்ந்து, சோயா மாவில் அவ்வாறே ஈரம் தாங்கும் சக்தியை உண்டாக்கும் வழியைக் கண்டார். கொலம்பியா பாரஸ்ட் பிராடக்ட்ஸ் என்னும் கம்பெனி 2005 முதல் இம்முறையில் பலகை செய்யலாயிற்று. எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு மாவே இதற்குப் போதும் என்பது கவனிக்கத்தக்கது.

தொழிற்சாலைகளின் வேறு வழிகள்: யூரியாப் பிசினிலேயே பார்மால்டிஹைடின் விகிதத்தைக் குறைப்பது ஒரு வழி, ஆனால் மிகவும் குறைத்தால் ஒட்டின் வலு குன்றும். மெலமின் சேர்ப்பது மற்றொன்று. பினால் பிசின் கருநிறமும் அதிக விலையும் உடையதாயினும், நீர் தாங்குவது. வெளிவிடும் வாயுவும் மிகக் குறைவு. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய், பினாலில் ஒரு பகுதிக்குப் பதிலாக உதவும். ஆகவே முந்திரி விளைப்போரும் இத்தொழிலில் பங்குடையவரே. 1962-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட ஒட்டுப்பலகை ஆராய்ச்சி நிலையம், மூங்கிற் பாய்களைப் பினால் பிசினால் ஒட்டிப் பலகையாக்கும் முறையை உருவாக்கியது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை:

1. பலகையில் ஈ-1 என்னும் தரக்குறி உண்டா என்று கேட்டு வாங்கவேண்டும். ஐரோப்பிய முறையில் இக்குறி, பரிசோதனை அறையின் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.124 மில்லிகிராமுக்கு மேற்படாத வாயுவைக் குறிக்கும். விலைச்சீட்டில் அக்குறியை எழுதி வாங்குதல் நலம்.

2. அறுத்த ஓரங்களிலிருந்தும் துளைகளிலிருந்தும் வாயு மிகுதியாக வெளிவருமாதலால், கண்ணில் படாத பின்புற ஓரங்களையும் விடாது தகடு ஒட்டி மூடச் செய்யவேண்டும்.

3. புதிய சாமான்களைக் கதவு திறந்த நிலையில் காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் சில வாரங்கள் வைத்து, பின்னர் படுக்கையறைக்குக் கொண்டுசெல்லவேண்டும். பிள்ளை பெற்றவளும் சிசுவும் இருக்கும் அறையில் புதிய துகட்பலகைச் சாமான் வைத்தலாகாது.

4. ஆசாரிமார் பலகையைத் திறந்த வெளியிலோ காற்று வீசும் கொட்டகையிலோ அறுத்து, மூக்கையும் வாயையும் நன்கு மூடும் கவசம் அணியவேண்டும். அக்கவசம் தூசியைத் தடுக்குமேயன்றி வாயுவைத் தடுக்காது. ஆதலின் காற்றோட்டமே முதன்மையானது.

5. சொந்த நிலத்தில் முதிர்ந்த வேம்போ தேக்கோ உள்ளவர், அதை அறுத்து நன்கு உலர்த்தி உபயோகித்தால் இவ்விசாரமே இல்லை.

வரப்பிலும் புஞ்சையிலும் மலைவேம்பு வைத்து ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு விற்கும் குடியானவர் இக்காலத்தில் பலர். அவர்கள் விற்ற மரமே பலகையாகி அவர்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிறது. அதை ஒட்டும் பசை எத்தகையது என்று கேட்கும் உரிமை, மரம் வளர்த்தவருக்கும் பலகை வாங்குபவருக்கும் ஒருங்கே உண்டு. கேட்பவர் பெருகினால் தொழிற்சாலைகளும் மாறும். அதுவரையில் வயலுக்கு வந்த யூரியா வயலுக்கே சேரும்படி பார்த்துக்கொள்வது ஒவ்வொரு குடியானவரின் கையிலும் உள்ளது.